சிவப்பு விளக்கை மட்டும் நம்பலாமா?

எங்க வீட்டு மாருதி 800-ல சூட்டைக் காட்ட மீட்டர் உண்டு. ஆயில் பிரஷருக்கு வெறும் சிவப்பு விளக்குதான். பிரஷர் அடிமட்டத்துக்கு வந்த பிறகுதான் அது எரியும். அதற்குள் பேரிங் தேய ஆரம்பித்திருக்கும். காமர்ஸ் பாஷையில் சொன்னால், விளக்கு திவால் நோட்டீஸ், மீட்டர் தினசரிக் கணக்கு :)

2014-லேயே உற்பத்தி நின்ற வண்டி இது. இன்ஜின் போனால் ஆகும் செலவு, வண்டியை விற்றாலும் வராது. அதனால் ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்று மாட்டினோம்.

பழைய ஸ்விட்சைக் கழற்றி, அங்கே ஒரு டீ போட்டு, ஸ்விட்சையும் புது சென்சாரையும் சேர்த்து மாட்டணும். விளக்கும் எரியணுமே! முதலில் மரையைப் பாருங்க. ஜப்பான் இன்ஜின்களில் பெரும்பாலும் இன்ச்சுக்கு 28; அமெரிக்க சென்சாரில் 27. கொஞ்சம் ஏறிவிட்டு இறுகும். பலவந்தமாகத் திருகினால் பிளாக்கில் மரை போச்சு. அடுத்தது, ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் உடம்புதான் எர்த். டெஃப்லான் டேப்பை நிறையச் சுற்றினால் முள் பொய் சொல்லும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முள் மேலே நிற்கும். சூடேறி ஐடிலிங்கில் இறங்கும். இது சகஜம். உங்க வண்டிக்கு எது சகஜம் என்று ஒரு வாரம் குறித்து வையுங்க. அதைவிடக் குறையத் தொடங்கினால் மெக்கானிக்கிடம் போக இன்னும் நேரம் இருக்கு. விளக்கு தராதது அந்த நேரத்தைத்தான்.