கியோட்டோவுக்குத் திருபுவனம் வழியாக

பள்ளிப் பிள்ளைகளுக்கான இதழ் ஒன்றிலிருந்து, ஜப்பானிய நகரம் ஏதாவது ஒன்றை அறிமுகப்படுத்தி எழுதித் தரச் சொன்னார்கள். கியோட்டோவை எடுத்துக்கொண்டேன். 794இல் தலைநகரானது, காமோ ஆறு, மரத்தால் கட்டிய கோயில்கள், செர்ரிப் பூ, தேநீர்ச் சடங்கு என்று நாலு பத்தி போனதும் எனக்கே அலுத்துவிட்டது. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கிற சரக்கு.

திருவிடைமருதூரில் ஆசிரியராக இருக்கும் நண்பருக்கு அதைப் படித்துக் காட்டினேன். "நிஷிஜின்னு ஒரு நெசவுப் பேட்டை இருக்குன்னு ஒரே ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதை ஏன் அப்படியே விட்டுட்டீங்க? எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு அந்த ஊர்ல சட்டுனு புரியற இடம் அதுவாத்தான் இருக்கும். கிளம்பி வாங்க, தறியைப் பார்த்துட்டு எழுதுங்க" என்றார்.

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலை நடுவாக வைத்துச் சுற்றுவட்டாரம் முழுவதையும் ஒரே கோயிலாகப் பார்க்கும் வழக்கம் இங்கே உண்டு. வலஞ்சுழி பிள்ளையார் சன்னிதி, சுவாமிமலை முருகன் சன்னிதி, ஆலங்குடி தட்சிணாமூர்த்தி சன்னிதி, சூரியனார்கோயில் நவக்கிரக சன்னிதி. ஊர்களே சன்னிதிகள். அந்தக் கணக்கில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருபுவனத்தைப் பிராகாரத்துக்குள்ளேயே சேர்த்துவிடலாம். மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயில் அங்கேதான். சரபேசுவரரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் நெரியும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பட்டு நெய்கிறார்கள்.

நெய்பவர்களில் பெரும்பாலோர் சௌராஷ்டிரர். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் குஜராத்துப் பக்கமிருந்து படிப்படியாகத் தெற்கே நகர்ந்து மதுரை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று குடியேறியவர்கள். வீட்டுக்குள் இன்னமும் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள். நம்மோடு சுத்தமான தஞ்சாவூர்த் தமிழ். கியோட்டோவும் அப்படித்தான். அந்த வட்டாரத்தில் பட்டு நெசவைப் பரப்பியவர்களாகச் சொல்லப்படும் ஹாதா குலத்தார், கடல் கடந்து கொரியா வழியாக வந்து குடியேறியவர்கள். ஓர் ஊரின் பெருமை என்று நாம் மார்தட்டுகிற தொழிலைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த ஒருவரின் கை அடியில் இருக்கும்.

நண்பர் அழைத்துப் போன வீட்டில் கூடம் முழுக்கத் தறிதான். மனிதர்கள் ஓரமாக நடந்தார்கள். தரையில் குழி, குழிக்குள் கால், காலடியில் மிதி. மடிக்கு நேரே நெய்த சேலை படமரத்தில் சுருண்டுகொண்டிருந்தது. சுவரோரம் அண்ணி இராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை வீசியபடியே, "உக்காருங்க சார், இந்தப் பூவை முடிச்சுட்டு வந்துடறேன்" என்றார். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே எழுதுகிறேன், அவர் மனைவியை அண்ணி என்று.

பட்டு கர்நாடகத்திலிருந்து கச்சாவாக வந்து, முறுக்கேறி, பசை போக வெந்து, சாயம் ஏறி இங்கே வருகிறது. சாயப் பட்டறையை எட்டிப் பார்த்தேன். கொதிக்கும் தொட்டியும் ஆவியும் கண்ணெரிச்சலும்தான் நினைவிருக்கின்றன, அதை விட்டுவிடுகிறேன். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவைப் பிணைப்பது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. தறியில் தீர்ந்துபோன பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் சாம்பல் தொட்டு விரலால் முறுக்கி ஒட்டுகிறார்கள். முடிச்சு கிடையாது. ஆயிரக்கணக்கான இழைகள். அதைச் செய்த பெண்மணி பேசிக்கொண்டே செய்தார், விரல்களைப் பார்க்கவே இல்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது தறிக்கு மேலே, உத்தரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்து மாலையாகத் தொங்கின. அண்ணன் மிதியை அழுத்தியதும் பெட்டியில் கடகடவென்று ஓர் அட்டை நகர்ந்தது. பாவில் சில இழைகள் மட்டும் எழுந்தன. இடுக்கில் ஜரிகை போயிற்று. மறுபடி மிதி, மறுபடி ஓர் அட்டை. ஓர் அட்டைக்கு ஓர் ஊடை, அதாவது ஒரு குறுக்கு இழை. இருநூறு ஊடையில் முடிகிற மயில் என்றால் இருநூறு அட்டை.

வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிடக் கூப்பிட எழுந்து நிற்கிறீர்களே, அதுதான் பெட்டிக்குள் நடப்பது. அட்டையில் துளை இருந்தால் அந்த இடத்து ஊசி அசையாமல் நிற்கும், அதோடு சேர்ந்த கொக்கி மேலே போகும், அந்த இழை எழும். துளை இல்லாவிட்டால் ஊசி தள்ளப்படும், கொக்கி விலகும், இழை உட்கார்ந்தே இருக்கும். எழு, உட்கார். வேறொன்றுமில்லை. இந்த இரண்டே கட்டளையில் யாளி, ருத்திராட்சம், அன்னம், கோபுரம் எல்லாம் வந்துவிடுகின்றன. இந்த அட்டைகளைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கிலேயர் தன் கணக்கிடும் எந்திரத்துக்கும் துளை அட்டை வைக்கலாம் என்று திட்டமிட்டார். உங்கள் கைப்பேசிக்கு ஒரு கொள்ளுப்பாட்டி திருபுவனத்து உத்தரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெட்டிக்குப் பிறந்த ஊர் பிரான்சில் லியோன். ஜோசப் மேரி ஜக்கார்டு 1804இல் அதற்கு வடிவம் கொடுத்தார். கியோட்டோ கதைக்குள் வருவதும் இதே பெட்டியால்தான்.

15ஆம் நூற்றாண்டில் ஓனின் போர் என்று ஒன்று பத்தாண்டு நடந்து கியோட்டோ எரிந்தது. ஓடிப்போன நெசவாளர்கள் 1477இல் போர் ஓய்ந்ததும் திரும்பி வந்து, மேற்குப் படை பாசறை போட்டிருந்த இடத்தில் தறி போட்டார்கள். அதுதான் நிஷிஜின். அரண்மனைக்கும் கோயில்களுக்கும் நெய்து வாழ்ந்தார்கள். 1869இல் பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபெயர, வாங்குகிற கை ஒரே நாளில் ஊரைவிட்டுப் போயிற்று. நம் தஞ்சாவூரில் 1855இல் மராட்டிய அரசு முடிவுக்கு வந்தபோது அரண்மனையை நம்பியிருந்தவர்களுக்கு நேர்ந்ததை ஒத்தது இது.

கியோட்டோ நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? 1872இல் மூன்று பேரை லியோனுக்கு அனுப்பியது. சகுரா ட்சுனேஷிச்சி, இனோவே இஹெய், யோஷிதா சூஷிச்சி. அதிகாரிகளோ பேராசிரியர்களோ அல்ல, நெசவுத் தொழில்காரர்கள். பிரெஞ்சு மொழி தெரியாமலேயே அந்த ஊரில் போய்த் தொழில் கற்றார்கள். இரண்டு பேர் மறு ஆண்டே தறிகளோடு திரும்பினார்கள். இன்னும் கற்க வேண்டுமென்று தங்கிய யோஷிதா, 1874இல் திரும்பும் வழியில் ஜப்பான் கரையருகே கப்பல் மூழ்கி இறந்துபோனார். வந்த பெட்டியைப் பார்த்து அராக்கி கோஹெய் என்ற தச்சுக் கைவினைஞர் 1877இல் மரத்திலேயே ஒன்று செய்துவிட்டார். அதற்குப் பிறகு அது ஜப்பானியப் பெட்டி.

இதை அண்ணனிடம் சொன்னேன். நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். கியோட்டோவில் 'ட்சுசுரே' என்ற நெசவுக்கு விரல் நகத்தை அரத்தால் ராவி ரம்பப் பல் மாதிரி ஆக்கிக்கொண்டு, அந்த நகத்தாலேயே ஊடையை இழுத்து அணைக்கிறார்கள் என்றதும் தன் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அங்க அவங்களுக்குப் பாவு யார் குடுக்கறாங்க?"

ஜப்பானைப் பற்றி நான் படித்த எந்தப் புகழுரையிலும் இந்தக் கேள்வி இல்லை. அண்ணனுக்கு அதுதான் முதல் கேள்வி. காரணம், அவர் கதை முழுக்க அதுதான். எட்டாம் வகுப்போடு தறிக் குழியில் இறங்கியவர். கொஞ்ச காலம் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனார். அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் திரும்பி வந்தார். வைத்தியத்துக்கு ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். பட்டு, ஜரிகை, டிசைன் எல்லாம் வியாபாரி கொடுப்பார். நெய்து கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் கழிந்த பாடில்லை. இடையில் பெண்ணின் கல்லூரிக் கட்டணம் வந்து சேர்ந்துகொண்டது.

"பெட்டி என்னோடது சார். அட்டை அவங்களோடது. ஆளை மாத்தினா அட்டையைக் கழட்டிக் குடுத்துடணும். வெறும் பெட்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

கூலி எவ்வளவு என்று சொன்னார். எழுத வேண்டாம், எந்தச் சேலை என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்றும் சொன்னார். அதில் தார் சுற்றும் அண்ணிக்கென்று தனியாக ஒரு காசு கிடையாது. இழை அறுந்து ஒரு கோடு விழுந்தால் பிடித்தம் உண்டு. தங்கம் ஏறினால் ஜரிகை ஏறுகிறது, ஜரிகை ஏறினால் சேலை ஏறுகிறது, சேலை ஏறினால் கடைக்காரரின் லாபம் ஏறுகிறது. ஏறாமல் குழிக்குள்ளேயே இருப்பது ஒருவர் மட்டும்தான். குளிர்சாதனக் கடையில் சேலையை விசிறி மடிப்பிலிருந்து உதறி விரித்துக் காட்டுகிறவருக்கு அதில் எத்தனை இழை என்று தெரியாது. விலை மட்டும் தெரியும். நெய்தவருக்கு இழை தெரியும், விலையை யாரும் அவரிடம் கேட்பதில்லை. திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வந்தது. ஊரின் பெயருக்குக் காப்பு கிடைத்தது நல்லதுதான். நெய்கூலிக்கு அப்படி ஒரு காப்பு எந்தச் சட்டப்படி வரும்?

அண்ணனின் கேள்விக்குப் பதிலை வீட்டுக்கு வந்து தேடினேன். நிஷிஜினிலும் டிசைனும் நூலும் கொடுப்பது 'ஒரிமோத்தோ' எனப்படும் நெசவு நிறுவனங்கள். வீட்டில் தறி வைத்து அவர்களுக்காகத் துண்டுக் கூலிக்கு நெய்பவர்கள் தனி. நெய்த துணி மொத்த வியாபாரிகள் கை மாறி மாறிக் கடைக்குப் போகிறது. தறியில் இருப்பவர்களில் பலருக்குத் தலை நரைத்துவிட்டது. இளையவர்கள் வருவது குறைவு. அட்டைக்குப் பதில் இப்போது மின்னணுப் பெட்டிகள் உண்டு. அவற்றில் சில இன்றும் பிளாப்பி தட்டில்தான் டிசைனைப் படிக்கின்றன. கணினியில் 'சேமி' என்பதற்குச் சதுரமாக ஒரு படம் இருக்குமே, அந்தப் பொருள். அட்டை தட்டாக மாறியது. தட்டும் பெரும்பாலும் நெசவாளியுடையது அல்ல.

ஆகவே ஜப்பானைப் பார், கைத்தொழிலை எப்படி மதிக்கிறான் என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. மூன்று தொழில்காரர்களைக் கப்பலேற்றி அனுப்பிய 1872ஆம் ஆண்டுக் கியோட்டோவை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். ஊர் முழுகும்போது தறி தெரிந்தவனையே நம்பிய அந்த ஓர் ஆண்டு, அந்த நகரத்தின் ஆயிரம் கோயில்களுக்கு நிகர். இங்கும் அப்படி நம்பிய காலம் உண்டு. திருபுவனம் பட்டு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1955இல் தொடங்கியது. பட்டை வாங்குவதும் சேலையை விற்பதும் நெசவாளர்களின் பொதுவில் நடக்க வேண்டும் என்பதுதான் கூட்டுறவின் அடிப்படை. அட்டை யாருடையது என்ற கேள்விக்கு இதுவரை யாரும் கண்டுபிடித்த உருப்படியான விடை அதுதான் என்பது என் கட்சி. அந்தக் கூரைக்கு வெளியே இருக்கிற தறிகளைப் பற்றித்தான் கவலை.

கியோட்டோவுக்கு என்றாவது போனால் ஜூலை 17 அன்று இருங்கள். கியோன் திருவிழாவில் தேர்கள் வரும். அவற்றின் பக்கங்களில் நிஷிஜின் நெசவும், பழைய நாளில் கப்பலேறிப் போன இந்தியக் கம்பளங்களும் தொங்கும். அதுவரைக்கும் தைப்பூசத்துக்குத் திருவிடைமருதூர்த் தேரைப் பாருங்கள். அப்படியே, கும்பகோணத்திலிருந்து ஆடுதுறை பக்கம் போகும் பேருந்தில் ஏறித் திருபுவனத்தில் இறங்கிவிடுங்கள். தறி ஓடும் வீட்டு வாசலில் நின்று கேளுங்கள், உள்ளே விடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், பாவைத் தொடாதீர்கள்.

வீட்டில் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். இந்தச் சேலையை நெய்தவருக்கு என்ன கூலி கொடுத்தீர்கள் என்று கடையில் கேளுங்கள். பெரியவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள், நீங்கள் கேட்கலாம்.