உன் பெயர் வேண்டாம், மீனா

அன்பு மீனாவுக்கு,

நேற்று ராத்திரி பேச்சின் பாதியிலேயே போனை வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் திரும்பவும் அழுவாய். அதனால்தான் எழுதுகிறேன். யாழினி தூங்கின பிறகு, ஒரு தம்ளர் காப்பி போட்டுக்கொண்டு நிதானமாகப் படி. மாப்பிள்ளையும் படிக்கட்டும். இதில் அவர் செய்யவேண்டியதுதான் அதிகம்.

மூன்று மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே யாழினிக்கு ஒரே நாளில் நாலு தடவை வலிப்பு வந்தது என்றாய். கேட்டதிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை. நரம்பு டாக்டர் மருத்துவ மரிஜுவானா அட்டைக்கு முயன்று பார்க்கச் சொன்னதும், "கஞ்சாவா அக்கா, நம்ம பொண்ணுக்கா? அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டாய். மகாமகக் குளத்தங்கரையில் சிலும்பியோடு உட்கார்ந்திருக்கும் சாமியார்களைக் கண்டால் நம் இருவர் கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார் அப்பா. மறக்கவில்லை. ஆனால் எதிர்வீட்டுப் பட்டு வலிப்பு வந்து விழுந்தபோது, தெருவே இரும்புச் சாவியைத் தேடிக்கொண்டிருக்க, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியவரும் அதே அப்பாதான். குழந்தைக்கு எது நல்லதோ அதைத்தான் அவர் பார்த்திருப்பார்.

உன் மாமியார் இன்னமும் யாழினி கையில் சாவியைத் திணிப்பதைப் போன மாசம் வந்தபோது பார்த்தேன். பெரியவரிடம் கோபிக்காதே, பக்குவமாகச் சொல்லு. ஒருக்களித்துப் படுக்க வைக்கவேண்டும், வாயில் எதையும் வைக்கக்கூடாது, ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் 911. அவ்வளவுதான்.

இன்னொன்றும் பார்த்தேன். சமையலறை மேல்தட்டில், பெருங்காய டப்பாவுக்குப் பின்னால், கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கிற சிபிடி எண்ணெய்ப் புட்டி ஒன்று. பெட்ரோல் பங்க் கடையில் வாங்கினாய், இல்லையா? அதைத் தூக்கிப் போடு. இருபது வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் சொல்கிறேன். அந்தக் கடைப் புட்டிகளில் லேபிளில் ஒன்று இருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். யாழினி குளோபசாம் சாப்பிடுகிறாள். சிபிடி சேர்ந்தால் குளோபசாமின் வீரியம் ரத்தத்தில் ஏறும், குழந்தை சோர்ந்து தூங்கி வழிவாள். வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டே இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் தூங்குகிறாள் என்று டீச்சர் எழுதியனுப்பினாரே, அது எதனால் என்று யோசித்தாயா? உன்னைத் திட்டவேண்டும் என்றுதான் இருக்கிறது. தவிப்பில் செய்தாய் என்பதும் தெரியும். ஆனால் டாக்டருக்கு மறைத்து எதையும் கொடுக்காதே. இதுவரை எத்தனை சொட்டு கொடுத்தாய் என்பதையும் அவரிடம் சொல்லிவிடு.

எபிடியோலெக்ஸ் பற்றிக் கேட்டாயே, அதுவும் சிபிடிதான். 2018இல் எஃப்.டி.ஏ. ஒப்புக்கொண்ட மருந்து, மருந்துக் கடையிலேயே கிடைக்கும், அதற்கு அட்டை வேண்டாம். ஆனால் லெனாக்ஸ்-கஸ்டோ, ட்ராவே, டியூபரஸ் ஸ்க்ளெரோசிஸ் என்ற மூன்று வியாதிகளோடு வரும் வலிப்புக்குத்தான் ஒப்புதல். யாழினிக்கு இருப்பது அதில் இல்லை என்று இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். டாக்டர் மேல்முறையீடு செய்திருக்கிறார், அது நடக்கட்டும். அதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதால்தான் அட்டை.

இந்தப் பென்சில்வேனியாவில் மருத்துவ மரிஜுவானாச் சட்டம் வந்ததே உன்னைப் போன்ற அம்மாக்களால்தான். வலிப்பு வரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஹாரிஸ்பர்க் சட்டசபைக்கு நடையாய் நடந்தார்கள். 2016 ஏப்ரல் 17 அன்று ஆளுநர் டாம் உல்ஃப் கையெழுத்துப் போட்டார். கடைகள் திறக்க 2018 ஆகிவிட்டது. அனுமதித்த வியாதிகளின் பட்டியலில் வலிப்பு நோய் முதலிலிருந்தே இருக்கிறது. அதனால் வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

இனி வேலையைச் சொல்கிறேன். 18 வயது ஆனவர்கள் தாங்களே பதிவு செய்துகொள்ளலாம். யாழினிக்குப் பதினாலுதான், அவளுக்காக மருந்து வாங்கிக் கொடுக்க ஒரு கேர்கிவர் வேண்டும். கேர்கிவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். "தங்கச்சிக்கு நான் போய் வாங்கி வரேன் சித்தி" என்று என் பிள்ளை அருண் சொன்னானாமே, அவனுக்குப் பத்தொன்பதுதான், ஆகாது. அவன் அப்படிச் சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா அம்மா இருக்கலாம், அல்லது அவர்கள் நியமிக்கிற ஒருவர் இருக்கலாம். ஒரு நோயாளிக்கு இரண்டு கேர்கிவர் வரை அனுமதி. கைரேகை எடுத்து, மாநிலப் போலீஸ், எஃப்.பி.ஐ. இரண்டிலும் சரிபார்ப்பார்கள். கடந்த ஐந்து வருஷத்தில் போதைப்பொருள் வழக்கில் தண்டனை இருந்தால் தள்ளிவிடுவார்கள். நம்மிடம் ஸ்பீடிங் டிக்கெட்டைத் தவிர என்ன இருக்கிறது!

இந்த இடத்தில்தான் நீ உடைந்துபோனாய். உன் பெயரை எழுதவேண்டாம் என்று நான் சொன்னதும், "பெத்தவ நான், என் பேரை எழுதக்கூடாதா?" என்றாய். மீனா, நீ கிரீன் கார்டில் இருக்கிறாய். வரும் தையில் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாய். மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டத்தில் மரிஜுவானா கட்டுப்படுத்தப்பட்ட பொருள். மாநிலச் சட்டப்படி சரியாக இருந்தாலும், மரிஜுவானாவோடு சம்பந்தப்பட்டிருந்தால் நன்னடத்தை இல்லையென்று மறுக்க இடமுண்டு என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்தில் அறிவித்திருக்கிறது. இன்டர்வியூவில் கேட்டால் பொய் சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது. யாழினி டல்லாஸில் பிறந்தவள், அவளுக்கு இந்தத் தொல்லை இல்லை. மாப்பிள்ளை போன வருஷமே சிட்டிசன் ஆகிவிட்டார். அவர் முதல் கேர்கிவராக இருக்கட்டும். அவர் மாசத்தில் பாதி நாள் சிகாகோவில் இருக்கிறாரே, இரண்டாவது பெயராக என் பெயரை எழுதுங்கள். உன் கையால் கொடுப்பதுகூடப் பிரச்சினை ஆகுமா என்று குடியேற்ற வக்கீலிடம் கேள். அதைக் கேட்காமல் எந்தப் படிவத்தையும் தொடாதே. ஒரு மணி நேரத்துக்கு அவர் வாங்கும் காசு பெரிதில்லை. உன்னையும் குழந்தையையும் பிரிக்கிற அளவுக்கு ஒரு சிக்கலை நாமே இழுத்துவிட்டுக்கொள்ளக் கூடாது. படிவத்தில் பெயர் இல்லாவிட்டால் நீ அம்மா இல்லையென்று ஆகிவிடுமா?

மாப்பிள்ளையிடம் எனக்கு ஒரு கோபம். இங்கே குடிவந்தால் 60 நாளுக்குள் லைசென்ஸை மாற்றவேண்டும். லங்காஸ்டர் வந்து பத்து மாசம் ஆகிறது, பர்ஸில் இன்னமும் டெக்சாஸ் லைசென்ஸ்! பென்சில்வேனியா லைசென்ஸோ அடையாள அட்டையோ, இப்போதைய முகவரியோடு இல்லாமல் கேர்கிவர் பதிவு ஒரு அடிகூட நகராது. இந்த வாரமே போகச் சொல்லு.

அதன்பின் சுகாதாரத் துறையின் தளத்தில் கேர்கிவர் பதிவு, அதோடு யாழினியின் பெயர். பிறகு, இதற்கென்று நாலு மணி நேரப் பயிற்சி முடித்துப் பதிவு செய்த டாக்டர் ஒருவரிடம் சான்று. இவர் மருந்துச்சீட்டு எழுதமாட்டார், இந்த வியாதி இருக்கிறது என்று சான்று மட்டும் கொடுப்பார். வீடியோவிலும் பார்க்கிறார்கள். அட்டைக்கு வருஷத்துக்கு 50 டாலர், மெடிகெய்ட் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. டாக்டர் கட்டணம், எண்ணெய் இரண்டுக்கும் இன்சூரன்ஸ் வராது, கைக்காசுதான். மாசம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுத் தயங்காதே, என்னிடம் சொல்லு. வருஷா வருஷம் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். 90 நாளுக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கலாம், அதனால் நான் வந்துபோவது கஷ்டமில்லை. நாக்கடியில் விடும் சொட்டு மருந்தாகத்தான் கேட்போம். எந்த அளவு என்பதை நரம்பு டாக்டர் பார்த்த பிறகே தொடங்கவேண்டும். இது வந்துவிட்டதே என்று பழைய மாத்திரையில் ஒன்றைக்கூட நீயாக நிறுத்தாதே. ஒரு நோட்டுப் போட்டு, வலிப்பு வந்த நேரம், நிமிஷம் எல்லாம் இன்றிலிருந்தே எழுதி வை.

பள்ளிக்கூடப் பையில் புட்டியைப் போட்டு அனுப்பக்கூடாது. அங்கே கொடுக்கவேண்டியிருந்தால் முதல்வரிடம் சொல்லிவிட்டு கேர்கிவரே போய்க் கொடுத்து, மீதியைக் கையோடு எடுத்துவர வேண்டும். காலையும் ராத்திரியுமாக வீட்டிலேயே முடிந்தால் நல்லது. கோடை விடுமுறையில் அம்மாவைப் பார்க்கக் கும்பகோணம் போகும்போது அந்தப் புட்டி பெட்டிக்குள் இருக்கவே கூடாது. நம் ஊரில் 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் கடுமையானது, இந்த அட்டையை அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள். நியூஜெர்சிக்குக் கல்யாணம் காட்சிக்குப் போகும்போதும் அதே கட்டுப்பாடுதான். பயண நாட்களில் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்.

எண்ணெய் கொடுத்ததும் எல்லாம் நின்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சில குழந்தைகளுக்கு நன்றாகக் குறைந்திருக்கிறது, சில குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு இரண்டானால்கூட நமக்குப் பெரிதுதானே. யாழினியிடமும் எல்லாவற்றையும் சொல்லு. பதினாலு வயதுப் பெண், தன் உடம்பைப் பற்றி அவளுக்குத் தெரியவேண்டும். 18 ஆனதும் அவள் பெயரிலேயே பதிவு, அதற்குள் எல்லாம் புரிந்து வைத்திருப்பாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வந்துவிடுவேன். புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறேன், நீ சமைக்காதே. வக்கீலிடம் திங்களுக்கு நேரம் வாங்கி வை. அந்தப் புட்டியை நான் வருவதற்குள் போட்டுவிடு.

அன்புடன்,
உன் அக்கா