ஒரே செடிதான்... ஆனா ஒரே சரக்கு இல்ல!

கனடாவுக்குப் புதுசா வர்ற நம்ம பசங்க சொல்ற வசனம் ஒண்ணு உண்டு: "அண்ணே, இங்க லீகல்தானே? எல்லாம் கஞ்சாதானே?" லீகல்தான், 2018 அக்டோபர் 17-லேர்ந்து. ஆனா எல்லாம் ஒண்ணு இல்லைங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

பெண் செடியோட பூவை லென்ஸ் வச்சுப் பார்த்தா, பனித்துளி மாதிரி குட்டிக்குட்டி சுரப்பிகள் தெரியும். பேரு ட்ரைக்கோம். போதை தர்ற டி.எச்.சி பெரும்பாலும் அங்கதான் இருக்கு. இலை தழையை ஒதுக்கிட்டு இந்தப் பிசினை மட்டும் சேர்த்தா, அதுதான் கான்சன்ட்ரேட். எப்படிச் சேர்க்கிறாங்கங்கிறதை வச்சுத்தான் பேரு மாறுது.

நம்ம நாட்டு சரஸ், இமாச்சலப் பக்கம் பச்சைச் செடியை உள்ளங்கையால தேய்ச்சு, ஒட்டுற பிசினை உருட்டி எடுக்கிறது. மொராக்கோ ஹஷீஷ், காய்ஞ்ச செடியைச் சலிச்சு, விழற தூளை அழுத்திச் செய்யறது. ஐஸ் தண்ணியில அலசி வடிகட்டினா பபிள் ஹாஷ். சூட்டுல அழுத்திப் பிழிஞ்சா ராசின். இந்த நாலுலயும் ரசாயனம் கிடையாது.

அடுத்த ரகம், பியூட்டேன் மாதிரி கரைப்பான்ல பிசினைக் கரைச்சு, அப்புறம் அந்த வாயுவை நீக்கி எடுக்கிறது. கண்ணாடி மாதிரி உடைஞ்சா ஷாட்டர், மெழுகு மாதிரி இருந்தா வாக்ஸ். காயவைக்காம, அறுத்த உடனே உறையவச்ச செடியில எடுத்தா லைவ் ரெசின், வாசனை தூக்கலா இருக்கும். இன்னும் வடிச்சுச் சுத்தம் பண்ணினா டிஸ்டிலேட்.

இங்க கடையில கிடைக்கிற பூவுல டி.எச்.சி பொதுவா 15-25 சதவீதம். ஷாட்டர், டிஸ்டிலேட்ல 70, 80-ஐ எல்லாம் தாண்டும். சட்டத்துக்கே இது தெரியும். கனடாவுல பொது இடத்துல 30 கிராம் காய்ஞ்ச பூ வச்சிருக்கலாம், கான்சன்ட்ரேட்னா 7.5 கிராம்தான். நம்ம ஊர்ல ரெண்டுமே குற்றம். ஆனா 1985 போதைப்பொருள் சட்டத்தின்படி 'சிறிய அளவு' கஞ்சாவுக்கு 1 கிலோ, சரஸுக்கு 100 கிராம்.

போன குளிர்காலத்துல எங்க பேஸ்மென்ட் வீட்டுக்கு வந்த ஒரு தம்பி, "ஊர்ல பார்க்காததா?"ன்னு அரிசி அளவு ஷாட்டரை ஒரே இழுப்புல இழுத்தான். பத்து நிமிஷத்துல நெஞ்சு படபடன்னு அடிக்குது, "அண்ணே, செத்துருவேன், அம்மாகிட்ட சொல்லாதீங்க"ன்னு அழுகை. விடியற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் மாறி மாறி அவன் கையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுலயே பியூட்டேன் வச்சுச் செய்யலாம்னு எவனாவது கிளம்பினா, தயவுசெஞ்சு தடுங்க. அந்த வாயு காத்தை விடக் கனம், தரையோட தேங்கி நிக்கும். ஃப்ரிட்ஜ்ல ஒரு சின்னப் பொறி போதும், மேல்மாடிக் குடும்பமும் சேர்ந்து போகும். வீட்டுல இப்படிச் செய்யறது இங்க குற்றமும் கூட.

டிஸ்கி: ஊருக்குப் போறப்ப பெட்டியில பழைய வேப் கார்ட்ரிட்ஜ் ஏதாவது கிடக்கான்னு ஒரு தடவை பார்த்துக்குங்க. நாட்டு எல்லையைத் தாண்டி எடுத்துட்டுப் போனா, அது எவ்வளவு துளியூண்டா இருந்தாலும் குற்றம்தான்.