கடைச் சாமானுக்கு பார்கோட் லேபல்: எக்செலில் நாமே அடிக்கலாம்

கடை வைத்திருக்கும் நம்ம ஊர் ஆக்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நமக்குத் தெரிந்த சின்னப் பிடவைக்கடை ஒன்று. நடத்தியவர் மௌத்தாகி, இத்தா முடிந்த பிறகு மனைவியும் மகளும் கடையைத் திறந்தார்கள். மகள் என்னிடம் படித்த பிள்ளை. (அவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.) உடுப்புகளில் தொங்கிய அட்டைகளில் விலை இல்லை, இரண்டு மூன்று எழுத்துகள்தான் இருந்தன. பழைய வியாபாரிகளுக்கு விளங்கும்: எழுத்து மாறி மாறி வரும் பத்தெழுத்துச் சொல் ஒன்றை மனதில் வைத்து, முதல் எழுத்து 1, அடுத்தது 2 என்று கொள்முதல் விலையை எழுதுவார்கள். அந்தச் சொல்லை அவர் யாருக்கும் சொல்லவில்லை. வாங்க வந்தவர்கள் "வாப்பா இருந்தா இதை எண்ணூறுக்குத் தருவார்" என்றால் பிள்ளைக்குப் பதில் இல்லை. புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய கடனும் இருந்தது.

பிஸ்கட் டின்னுக்குள் கிடந்த பழைய பில்களை எடுத்து, எந்தத் துணிக்கு எந்த எழுத்து என்று ஒப்பிட்டு, பிள்ளையே பத்து எழுத்தையும் கண்டுபிடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தது. சொப்ட்வெயார் ஆட்கள் கேட்ட காசுக்கு அந்தக் கடை தாங்காது. வீட்டில் இருந்த லேப்டொப்பில் எக்செல் இருந்தது. அது போதும்.

பார்கோட்டுக்குள் விலை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அதற்குள் இருப்பது ஓர் இலக்கம் மட்டும்தான். விலை உங்கள் பட்டியலில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். நாங்கள் ஆண்பிள்ளை உடுப்புக்கு 1001 முதலும் பெண்பிள்ளை உடுப்புக்கு 2001 முதலும் கொடுத்தோம். அடுத்த கொலங்களில் பெயர், கொள்முதல், விற்பனை விலை, எண்ணிக்கை. கொள்முதல் லேபலில் வராது!

இனி 'லிப்ரே பார்கோட் 39' என்ற எழுத்துருவை கூகுள் பொன்ட்ஸில் இலவசமாக எடுத்து இன்ஸ்டோல் பண்ணுங்கள். இலக்கத்தின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி கட்டாயம் வேண்டும்: *1001*. அந்தக் குறிகள்தான் ஸ்கேனருக்குத் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லும். ஒரு கொலத்தில் ="*"&ஏ2&"*" என்று எழுதி (ஏ என்பதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்) கீழே இழுத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் வந்துவிடும். பிறகு வேர்டில் மெயில் மேர்ஜ் மூலம் லேபல் தாளுக்கு எடுத்து, பார்கோட் வரும் இடத்துக்கு மட்டும் அந்த எழுத்துருவைக் கொடுங்கள். ஏ4 தாளில் 65 லேபல் உள்ளது உடுப்பு அட்டைக்குப் பொருத்தம்.

பிரின்ட் எடுக்கும்போது 'பேஜுக்குப் பொருத்து' என்பதை விட்டு, உண்மை அளவைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் கீழே போகப் போக வரிசை நகரும். முதலில் சாதாரணத் தாளில் அடித்து, ஸ்டிக்கர் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்டிக்கர் தாள் விற்கும் விலைக்கு அதில் பரீட்சை பார்க்க முடியாது. கோடுகளின் இரு பக்கமும் வெள்ளை இடம் விடுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஸ்கேனர் வாசிக்காது.

ஸ்கேனர் என்பது ஒரு கீபோர்ட் மாதிரித்தான். நோட்பேடைத் திறந்து ஸ்கேன் பண்ணுங்கள், இலக்கம் விழுந்தால் லேபல் சரி. சவர்க்காரம், பால்மா போன்றவற்றில் ஏற்கனவே 13 இலக்கம் இருக்கும், அவற்றுக்கு நீங்கள் லேபல் அடிக்கத் தேவையில்லை. ஆனால் இலக்கம் வரும் கொலத்தை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' ஆக்கி வையுங்கள். இல்லாவிட்டால் எக்செல் அதை 4.79ஈ+12 என்று சுருக்கிக் காட்டும். (479 என்று தொடங்கினால் இலங்கையில் செய்தது என்று அர்த்தமில்லை. அந்தக் கம்பனி இலக்கத்தை இலங்கையில் பதிந்து எடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.) பில் போடும் தாளிலும் அந்தக் கொலம் டெக்ஸ்டாகவே இருக்க வேண்டும். ஒன்று எண்ணாகவும் மற்றது டெக்ஸ்டாகவும் இருந்தால் வீலுக்கப் விலையைத் தேடித் தராது.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டினோமே, ஞாபகமா? அடியில் இருந்த பழைய விலையை நகத்தால் சுரண்டிப் பார்க்காதவர் நம்மில் யார்? அதில் எத்தனை மனஸ்தாபம்! விலை மாறினால் பட்டியலில் ஓர் இடத்தில் மாற்றி, புது லேபல் அடித்து பழையதைக் கழற்றிவிட்டே ஒட்டுங்கள். இந்தப் பிள்ளை இன்னும் ஒன்று செய்கிறது: பழைய விலை லேபலோடு ஒரு சாமான் தவறிக் கிடந்து யாராவது எடுத்து வந்தால், ஒட்டியிருக்கும் விலைக்கே கொடுக்கிறது. உம்மா முதலில் முணுமுணுத்தார், இப்போது அவரும் அப்படித்தான்.

மூன்று கிழமையில் கடை முழுவதும் பட்டியலுக்குள் வந்தது. எண்ணிக்கையை விலையால் பெருக்கிக் கூட்டியபோது, கடைக்குள் எவ்வளவு பெறுமதி இருக்கிறது என்று முதல்தடவையாகத் தெரிந்தது. புறக்கோட்டைக்குக் கொடுக்க வேண்டியது அதில் பாதிகூட இல்லை. கடையை விற்றுவிடுவோம் என்று இருந்தவர்கள், தவணை பேசிக் கட்டத் தொடங்கினார்கள். வாரிசுப் பங்குக்கும் ஸகாத்துக்கும் அந்தப் பட்டியல்தான் கணக்கு.

வெற்றுப் பைல் என்னிடம் இருக்கிறது, வேண்டியவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள். செய்ய வராவிட்டால் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு லேப்டொப்போடு வீட்டுக்கு வாருங்கள், சும்மாதான் இருப்பேன்.