மேல்தட்டு

"கப்பலில் ஸ்வீட் எடுத்திருக்கிறேன் மாமா" என்று டெலிபோனில் சொன்னபோது, "எனக்குத்தான் சர்க்கரை இருக்கே மாப்பிள்ளே, அதை எதுக்கு வாங்கினீங்க?" என்று கேட்டார் என் மாமனார். இது தின்கிற ஸ்வீட் இல்லை, படுக்கை அறை, அதற்கு முன்னால் ஒரு கூடம், கடலைப் பார்த்தாற்போல ஒரு தாழ்வாரம் எல்லாம் சேர்ந்த இருப்பிடத்துக்கு அப்படிப் பெயர் என்று நான் விளக்குவதற்குள் அவர் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்.

என் நாவல் ஒன்று சினிமாவுக்குப் போனதில் கொஞ்சம் பணம் வந்திருந்தது. சிங்கப்பூரில் புறப்பட்டுப் பினாங்கு போய்த் திரும்பும் உல்லாசக் கப்பல், மூன்று இரவு. அறை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. 1966-ல், பத்தொன்பதாம் வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறிப் பினாங்குக்குப் போனவர் அவர். டெக் பிரயாணி. ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, இடம் பிடிக்க ஒரு துண்டு. துண்டை விரித்த இடம்தான் வீடு. கல்யாணமான புதிதில் இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்தப் பாய்க்கு இந்த மெத்தையால் ஈடு செய்துவிடலாம் என்று நினைத்தேன். ஈடு செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

ரஜூலா 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல். எட்டாயிரத்துச் சொச்சம் டன். ஆரம்பத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் டெக்கில் ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்ததாம். நாங்கள் போன கப்பல் அதைப்போலப் பத்துப் பதினைந்து மடங்கு பெரிது. ஏறியவர்களோ மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். அந்த மூவாயிரம் பேரையும் நாங்கள் பார்க்கவே இல்லை. எங்களுக்குத் தனிச் சாவி, தனி வாசல், தனிச் சாப்பாட்டுக் கூடம். நான் கொடுத்த காசில் பாதி மற்றவர்கள் கண்ணில் படாமல் இருப்பதற்காகத்தான் என்று இரண்டாம் நாள்தான் புரிந்தது. இன்னொரு வேடிக்கை: கப்பல் ஆடும்போது உயரத்தில் இருப்பவனுக்குத்தான் ஆட்டம் அதிகம். நடுவிலே, கீழ்த்தட்டிலே இருப்பவன் சுகமாகத் தூங்குவான். "நாங்க அடித்தட்டிலே கிடந்தோம், ஒண்ணும் தெரியலை" என்றார் மாமனார். நல்லவேளையாக மலாக்கா ஜலசந்தி அந்த மூன்று நாளும் குளம்போலக் கிடந்தது.

எல்லாரையும் ஒன்றாகப் பார்த்தது ஒரே ஒரு தடவை, புறப்படுவதற்கு முன்னால் நடந்த ஆபத்துக்கால ஒத்திகையில். மிதவை அங்கியை மாட்டுவது எப்படி என்று ஒரு பெண் செய்து காட்டினாள். 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது முதல் வகுப்பில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் கால்வாசிப் பேர்தான் என்று நான் படித்ததை என் மனைவியிடம் சொன்னேன். "இப்போ இது தேவையா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

எங்கள் அறையைப் பார்த்துக்கொள்ள ஓர் இந்தோனேசியப் பையன் இருந்தான். இருபத்துமூன்று வயதிருக்கும். அவன் வருவதற்குள் மாமனார் விடியற்காலையில் எழுந்து படுக்கையைத் தட்டி, போர்வையை மடித்து, குளியலறையைத் துடைத்து, குடித்த காப்பிக் கோப்பையையும் கழுவி வைத்துவிடுவார். பையன் வந்து பார்ப்பான். செய்ய ஒன்றும் இருக்காது. முதல் நாள் சிரித்தான். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. தன்னிடம் ஏதாவது குறையா என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டான்.

மாமனார் அவனிடம் விசாரிக்கச் சொன்னார். என்னுடைய இங்கிலீஷிலும் அவருடைய பழைய மலாயிலுமாக விஷயம் வெளியே வந்தது. ஊரை விட்டு ஏழு மாதம். ஒப்பந்தம் முடிகிறவரை லீவு என்று ஒரு நாள் கிடையாது. படுக்கை எங்கோ கீழே, ஜன்னல் இல்லாத அறையில், இன்னொருவனோடு, ஒன்றின்மேல் ஒன்றாக. தாய்க்குப் பணம் அனுப்புகிறான்.

"பார்த்தீங்களா, டெக் பாசஞ்சர் இன்னும் இருக்கான்" என்றார் மாமனார். அதற்குப் பிறகு வெகு நேரம் பேசவில்லை. மறுநாள் காலையில் அதே ரகளை, இன்னும் அதிகமாக. குப்பைக் கூடையைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். மகள்தான் தடுத்தாள். "அப்பா, நீங்க செய்யச் செய்ய அவனுக்குத்தான் பயம். வேலையைப் பிடுங்கிக்காதீங்கப்பா."

கூடையைக் கீழே வைத்தார். பையன் வந்து படுக்கையைத் தட்டி முடிக்கிறவரை, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளைபோல நாற்காலி நுனியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்து நிமிஷம் அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை நான் பார்த்தேன். சுகத்தை வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

பினாங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துறையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் மார்க்கெட் ஸ்ட்ரீட். அவர் வேலை பார்த்த கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலை பார்க்கக் கூடாது என்று 1968-ல் அங்கே சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பியவர்களோடு இவரும் 1970-ல் அதே ரஜூலாவில் திரும்பினார். குயீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, "போகலாம் மாப்பிள்ளே, கப்பல் கிளம்பிடும்" என்றார். கிளம்ப இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

ஊர் திரும்பும்போது, சிங்கப்பூர் விமான நிலையத்தில் என் போனுக்குக் கேள்விகள் வந்தன. அறை எப்படி, சாப்பாடு எப்படி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நட்சத்திரம் என்று. நான் படிக்கப் படிக்க, "அஞ்சு", "அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார் மாமனார். சூதாட்டக் கூடம் என்று வந்தது.

"அந்தப் பக்கமே நாம போகலையே, மாமா?"

"அஞ்சு போடுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் அந்தப் பையனைத்தானே கூப்பிட்டுக் கேப்பாங்க."

போட்டேன்.