உனக்கு அவரு என்ன வேணும்?

“அம்மா, இந்தப் பொம்பளையோட அப்பாவும் நம்ம தாத்தா மாதிரி கூட்டித் தொடைக்கிற வேலதாம்மா பாத்திருக்காரு.”

2018ஆம் வருசம், மகள் எட்டாம் வகுப்பு முடித்திருந்த கோடை லீவு. நான் அடுப்படியில் இருந்தேன். அவள் வாசப்படியில் உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பொம்பள?”

“அம்பிரிட்ஜ்.”

அந்தப் பேர் எனக்குத் தெரியும். ஹாரி பாட்டர் கதை ஏழு பாகத்தையும் மகளுக்குத் துணையாக நானும் படித்திருந்தேன். பிரிட்டனில் ஜே.கே. ரோலிங் எழுதி 1997இலிருந்து 2007 வரை வந்தது. அதில் ஐந்தாம் பாகத்தில் வருகிறவள்தான் டொலோரஸ் அம்பிரிட்ஜ். ரோஸ் கலர் சட்டை, சுவரெல்லாம் பூனைப் படம் போட்ட தட்டு, தேன் தடவின குரல். பிள்ளைகளுக்குத் தண்டனை கொடுக்கும்போது அவரவர் ரத்தத்தாலேயே எழுத வைப்பாள்; எழுதின எழுத்து கையில் தழும்பாக விழும். பெரிய வில்லனைவிட இவளைத்தான் படிக்கிறவர்கள் அதிகமாக வெறுப்பார்கள். நானும் வெறுத்தேன்.

கதை முடிந்தாலும் படித்தவர்கள் விடுவதில்லை. இவர் யார் வீட்டுப் பிள்ளை, எங்கே வளர்ந்தார், ஏன் இப்படி ஆனார் என்று கேட்பார்கள். அதற்காக 2016 செப்டம்பரில் மூன்று சின்ன மின்நூல்கள் வந்தன. பெரிய கதைக்குத் துணைக்கதைகள். அதில் ஒன்றைத்தான் மகள் படித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாங்கிப் படித்தேன்.

அம்பிரிட்ஜின் அப்பா பேர் ஆர்ஃபோர்ட். மந்திர அமைச்சகத்தில் பராமரிப்புப் பிரிவில் வேலை. கடைசிவரை பதவி உயர்வு இல்லை. அம்மா மந்திரம் தெரியாத சாதாரணப் பெண். தம்பிக்கும் மந்திரம் வரவில்லை. பதினைந்து வயதில் குடும்பம் இரண்டாகிறது. அம்மாவும் தம்பியும் ஒரு பக்கம் போகிறார்கள். அதற்குப் பிறகு இவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. சுத்த ரத்தம் என்று சொல்லிக்கொண்டு அதே அமைச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து மேலே ஏறுகிறாள். அப்பாவுக்கு மாசாமாசம் கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்லி, முன்கூட்டியே ஓய்வு வாங்க வைத்துக் கண்ணில் படாமல் அனுப்பிவிடுகிறாள். “இங்கே தரை துடைத்தாரே ஒரு அம்பிரிட்ஜ், அவர் உனக்குச் சொந்தமா?” என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டால் சிரித்துக்கொண்டே இல்லை என்பாள். செத்துப்போன தன் அப்பா மந்திர உலகத்து நீதி சபையில் பெரிய உறுப்பினர் என்பாள்.

படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கப்பா நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. விடியக்காலம் நாலரைக்குக் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு சீமாறும் தள்ளுவண்டியுமாகப் போவார். மஸ்டரில் பேர் சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பார். சாக்கடை அடைப்பு எடுத்த நாளில் வீட்டுக்குள் வரமாட்டார். வெளியே இருக்கிற குழாயடியில் ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் எங்களைத் தொடுவார். அந்தச் சம்பளத்தில்தான் நான் டிகிரி முடித்தேன்.

1996இல் எனக்கு ஒரு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அந்தத் தெரு எங்கப்பாவின் வார்டு. சேர்ந்து ஒரு மாசம் இருக்கும். காலையில் சீக்கிரம் போய்விட்டேன். வாசலில் அப்பா கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சீமாறை ஓரமாகச் சாய்த்துவிட்டு, “சாப்ட்டியா பாப்பா?” என்றார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். மத்தியானம் சாப்பிடும்போது ஒரு அம்மா கேட்டார்: “ஏம்மா, காலைல வாசல்ல பேசினாரே அந்தக் குப்பக்காரரு, உனக்கு அவரு என்ன வேணும்?”

சுத்தி நாலு பேர். எல்லோர் டிபன் பாக்ஸும் திறந்திருந்தது. என்னுடையதும்.

“எங்க ஊர்ப்பக்கம்” என்றேன். “வேற ஒண்ணுமில்ல.”

அவ்வளவுதான். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். சாப்பிட்டேன். ஒரு வாரம் கழித்து அப்பா அந்தத் தெருவுக்கு வருவது நின்றது. வார்டு மாத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். மனசுக்குள் அப்பாடா என்று இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் மற்ற துணைக்கதைகளையும் படித்தேன். மெக்கோனகல் டீச்சரின் அம்மா இசபெல் மந்திரக்காரி. ஸ்காட்லாந்தில் ஒரு கிராமத்துப் பாதிரியாரைக் காதலித்துக் கட்டிக்கொள்கிறாள். தான் யார் என்று புருசனிடம் சொல்லாமல், மந்திரக்கோலைப் பெட்டியில் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுகிறாள். மகளுக்கு மந்திரப் பள்ளியிலிருந்து கடிதம் வந்த நாளில் தேம்பித் தேம்பி அழுகிறாள். லூப்பின் வாத்தியாரை ஐந்து வயது நிறையும் முன்னே ஓநாய் மனிதன் கடித்துவிடுகிறான். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பும் போதெல்லாம் அப்பாவும் அம்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மாறுகிறார்கள். வெளியே சொல்லிவிடுவான் என்று மற்ற பிள்ளைகளோடு விளையாடவும் விடுவதில்லை. எய்ட்ஸ் மாதிரி களங்கம் கற்பிக்கப்பட்ட நோய்களை மனதில் வைத்துத்தான் அதைப் படைத்ததாக ரோலிங் அங்கேயே எழுதியிருக்கிறார். எனக்கு வாடகை வீடு ஞாபகம் வந்தது. “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டதும் சாமான் கட்டிய நம் சனம் எத்தனை பேர்! பரோடாவில் பார்சிப் பேரில் பார்சி விடுதியில் தங்கி, பதினோராம் நாள் தடியோடு வந்தவர்களால் விரட்டப்பட்ட அம்பேத்கரும் நினைவுக்கு வந்தார்.

மூன்று பேர் கதையிலும் ஒளிப்புதான். ஆனால் முதல் இரண்டு வீட்டுக்கு இரக்கம் கிடைக்கிறது. அம்பிரிட்ஜுக்கு இல்லை. அது நியாயம்தான் என்று நினைக்கிறேன். ஏழாம் பாகத்தில் அவள் ஆணையம் நடத்துகிறாள். சாதாரணக் குடும்பத்தில் பிறந்து மந்திரம் படித்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, இந்தக் கோலை யாரிடம் திருடினாய் என்று கேட்கிறாள். ‘கோட்டாவுல வந்தவங்க’ என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி புரியாமல் போகுமா? கழுத்தில் லஞ்சமாக வாங்கின லாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, இது எங்கள் பரம்பரைச் சொத்து என்கிறாள். ஒளிந்தவள் இன்னொருவரைப் பிடித்துக் கொடுக்கிறாள். அதை மன்னிக்க முடியாது.

ஆனால் ஒரு கணக்கு நேராகவில்லை. தரை துடைத்தவர் உனக்குச் சொந்தமா என்று கேட்டார்களே, அந்த வாய்களைப் பற்றி என்ன? அவளைப் பிடிக்காதவர்கள்தான் பெரும்பாலும் கேட்டார்கள் என்று கதையே சொல்கிறது. ஒருத்தியைக் குத்த வேண்டுமென்றால் அவள் அப்பாவின் துடைப்பம் போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் வேலை கேவலமாகத்தானே இருந்திருக்கிறது? அவளுடைய பொய்யைப் பிடித்துக் காட்டுகிற கதை, கேட்டவர்களை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

முன்கதை யார் எழுதுகிறார்கள் என்பது சின்ன விசயம் இல்லை. நம் மதுரை வீரனையே எடுத்துக்கொள்ளுங்கள். கதைப்பாடலில் அவன் காசி ராஜா பெற்ற பிள்ளை. கொடி சுத்திப் பிறந்ததால் காட்டில் விட்டுவிட, சக்கிலியர் வீட்டுச் சின்னானும் செல்லியும் எடுத்து வளர்க்கிறார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்திலும் அவன் அரண்மனை வாரிசுதான். வீரம் நம் வீட்டில் பிறக்கக் கூடாது, வளர மட்டும் செய்யலாம்! அம்பிரிட்ஜ் தனக்கு ஒரு பெரிய இடத்து அப்பாவைத் தானே செய்துகொண்டாள். வீரனுக்கு ஊரே ஒரு ராஜா அப்பாவைச் செய்து கொடுத்தது. இரண்டிலும் காணாமல் போனது வேலை செய்து வளர்த்த அப்பன்தான்.

அந்த மூன்று நூலில் பள்ளிக்கூடத்துப் பேய்க்குக்கூடத் தனிக் கட்டுரை உண்டு. அடுக்களையில் சம்பளமில்லாமல் சமைக்கிற குட்டி ஏவலர்கள் ஒருவருக்கும் தனிக்கதை இல்லை. ஆர்ஃபோர்ட் மகளின் கதைக்குள் நாலு வரிக்கு வந்துவிட்டுப் போய்விடுகிறார். எத்தனை மணிக்கு எழுந்தார், மகள் அதே கட்டடத்தில் நடந்து போகும்போது நிமிர்ந்து பார்த்தாரா, போகச் சொன்னபோது என்ன பதில் சொன்னார்? இதெல்லாம் எழுதப்படவில்லை. நம் ஆட்கள் எழுதுகிற தன்வரலாறுகளெல்லாம் அந்த நாலு வரிக்காரர்கள் எழுதுகிற துணைக்கதைகள்தான் என்று எனக்குப் படுகிறது.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மத்தியானச் சாப்பாடு, அந்த அம்மா, நான் சொன்ன பதில். அவள் திட்டவில்லை. “தாத்தா அப்பறம் எந்தத் தெருவுக்கு மாறிப் போனாரு?” என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருசத்தில் நான் கேட்டதே இல்லை. அப்பா 2009இல் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வேலை பார்த்த சித்தப்பாவைப் பார்க்க மகளையும் கூட்டிக்கொண்டு காலனிக்குப் போனேன். ரிட்டயராகித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கேட்டேன்.

“யாரும் மாத்தல கண்ணு. உங்கப்பந்தான் மேஸ்திரி கால்ல விழாத கொறையா கேட்டு மாத்திக்கிட்டான். மார்க்கெட் பக்கம், மீன்கட சாக்கடைக்கு. ஒருத்தனும் போக மாட்டான் அங்க. ஏன்டானு கேட்டதுக்கு, பாப்பா இப்பத்தான் உள்ள போயிருக்குது, நாம போயி வாசல்ல நிக்கக் கூடாதுன்னான்.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “ஆனா மார்க்கெட்டுல ஒருத்தன் பாக்கியில்ல, எம்மக ஆபீஸ்ல உக்காந்து எழுதுதுன்னு சொல்லாம விட்டதில்ல.”

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பும்போது மார்க்கெட் வழியாகப் போகலாம் என்றாள். போனோம். மீன்கடைக்குப் பின்னால் அந்தச் சாக்கடை இன்னும் ஓடுகிறது. ஒருவர் உள்ளே இறங்கி மண்வெட்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மகள் போய், “எங்க தாத்தா இங்கதான் வேல பாத்தாருங்க” என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: “உங்களுக்கு அவரு என்ன வேணும்ங்க?”

“எங்கப்பாங்க” என்றேன்.