நிற்காத சாயம்

வயது வந்த மனிதர் ஒருவர் படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நம் ஊரில் இன்னும் சிரிப்புத்தான் வருகிறது. சீட்டாடலாம், திண்ணையில் அமர்ந்து அரசியல் பேசலாம், கைப்பேசியின் கண்ணாடியை மணிக்கணக்காக விரலால் தேய்க்கலாம். இவற்றையெல்லாம் பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொள்கிற உலகம், தலை நரைத்தவர் பூவுக்குச் சிவப்பும் இலைக்குப் பச்சையும் தீட்டினால் மட்டும், "என்ன, மறுபடியும் குழந்தையாகிவிட்டாரா?" என்று கேட்கிறது. கேட்கட்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோஹன்னா பாஸ்ஃபோர்டு என்ற பெண்மணி, பெரியவர்கள் வர்ணம் தீட்டுவதற்கென்றே கோட்டோவியங்கள் வரைந்து 'சீக்ரெட் கார்டன்' என்ற புத்தகத்தை 2013-ல் வெளியிட்டார். அது பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆகவே இந்தக் குழந்தைத்தனம் உலகம் முழுவதும் பரவிய ஒன்று.

எங்கள் செல்லூருக்கு அது வந்த விதத்தைத்தான் சொல்ல வந்தேன். வைகையின் வடகரையில் இருக்கும் இந்தப் பேட்டைக்கு நிறம் புதிதல்ல. தறிச் சத்தமும், கொடியில் சொட்டச் சொட்டக் காயும் நூல் கழிகளும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஐம்பது வருஷம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'தான். அவருடைய நகக்கண்களில் இன்னும் ஒரு கரு நீலம் தங்கியிருக்கிறது. எந்தச் சோப்புக்கும் அது மசியவில்லை.

கடைசி இரண்டு வருஷம் அவருக்குப் பட்டறையில் மரியாதை குறைந்தது. கரு நீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் தடுமாறினார். "அண்ணே, உங்க கண்ணு போச்சு" என்று சொல்லி, ஒரு தீபாவளிக்கு வேட்டி துண்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரணம் கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதானால் மஞ்சளித்துப் போகிறது. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பது போல, நீலம் உள்ளே வராமல் தடுக்கப்பட்டுவிடுகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனேக்கும் இதே சங்கடந்தான். 1923-ல் அறுவை செய்துகொண்ட பிறகு அவருக்கு நீலம் அளவுக்கு மீறித் தெரிந்ததாம்.

டாக்டர் ஜி. வேங்கடசாமி 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் மதுரை. இங்கே கண்புரை எடுத்துக்கொள்வதற்கு யாரும் பயப்படுவதில்லை. அண்ணனும் எடுத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த அன்று வாசலில் நின்று வானத்தைப் பார்த்தவர் நெடுநேரம் உள்ளே வரவில்லை. நீலம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு போவதற்குப் பட்டறை இல்லை.

பேத்தி வாங்கித் தந்த வர்ணப் புத்தகத்தோடு ஒரு நாள் என்னிடம் வந்தார். "தம்பி, பென்சில்ல தீட்டினா சோகை பிடிச்ச மாதிரி இருக்கு. தண்ணி மைப் பேனாவுல தேய்ச்சா தாள் நூல் நூலா வருது. வேற என்ன இருக்கு?" என்றார்.

ஆல்கஹால் மார்க்கர் இருக்கிறது என்று சொன்னேன்.

"பேனாவுக்குள்ள சாராயமா?" என்று சிரித்தார்.

சாராயம் என்றே வைத்துக்கொள்ளலாம், குடிக்கத்தான் ஆகாது. சாயத்தைத் தண்ணீருக்குப் பதில் ஆல்கஹாலில் கரைத்து அடைத்திருக்கிறார்கள். தாளில் பட்டதும் ஆல்கஹால் பறந்துவிடும், சாயம் தங்கும். மேலே இன்னொரு கோடு இழுத்தால் முதல் கோடு கொஞ்சம் கரைந்து இரண்டும் கலந்துவிடும். அதனால்தான் வரி வரியாகத் தெரியாமல் பட்டுப் போலப் பரவுகிறது. ஜப்பானில் 'காப்பிக்' என்ற பெயரில் 1987-ல் இப்படிப் பேனாக்கள் வெளிவந்தன. இன்று அவர்களிடம் 358 நிறங்கள் உண்டு. மை தீர்ந்தால் நிரப்பலாம். முனை தேய்ந்தால் மாற்றலாம். ஆனால் ஒரு பேனாவுக்கே சில நூறு ரூபாய் வேண்டும். இது கட்டாது என்கிறவர்களுக்கு, மொத்தமாகப் பெட்டியில் வரும் மலிவு வகைகள் இருக்கின்றன.

மாசி வீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் எண்பது பேனாக்கள் கொண்ட பெட்டியைத் திறந்து காட்டினார். திருவிழாவில் வளையல் கடையைப் பார்த்தது போலிருந்தது. அண்ணன் மயங்கவில்லை. "இதுல எது எதோட சேரும்?" என்று கேட்டார். கடைக்காரருக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முதன்முதலாகப் பேனா வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

தொட்டியில் மூன்று சாயத்தை வைத்துக்கொண்டு முப்பது நிறம் காட்டலாம். பேனாவில் அப்படிக் கலக்க வழியில்லை. கலவையைக் கடையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கொன்று உறவில்லாத பன்னிரண்டு பளிச்சென்ற நிறங்களைவிட, ஒரே நிறத்தில் வெளிர், நடுத்தரம், கறுத்தது என்று மூன்று இருப்பது மேல். வெளிரை முதலில் பூசி, நிழல் விழும் இடத்தில் கறுத்ததை வைத்து, நடுத்தரத்தால் இரண்டையும் இணைத்தால் தட்டையான பூ உருண்டு நிற்கும். வெளிரில் தொடங்கிக் கறுப்புக்குப் போவது அண்ணனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதல்ல. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியிலும் முடிச்சுப் போட்ட துணியை அழுத்தமான நிறத்தில் முக்கினால் வெளிர்ப் புள்ளி தப்பிப் பிழைக்கும். கறுத்த துணியில் வெளிர்ப் புள்ளியை மேலே சாயத்தால் வைக்க முடியாது.

இன்னொரு காரியமும் செய்தார். மூடியில் காட்டியிருந்த நிறத்தை அவர் நம்பவில்லை. ஒரு தாளில் ஒவ்வொன்றாகக் கீறி, தாளை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய்விட்டார். விளக்கடியில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நீலங்கள் பகலில் வேறு வேறாகிவிடும் என்பது பட்டறைப் பாடம். உலர்ந்த பிறகே நிறம் சொல்ல வேண்டும் என்று இரண்டு நிமிஷம் காத்திருக்கவும் செய்தார். முனைகளையும் பார்த்தார். ஒரு பக்கம் உளி போலவும் மறுபக்கம் தூரிகை போல வளைந்தும் இருந்த வகையே அவருக்குப் பிடித்தது. கொஞ்சம் நடுங்குகிற கைக்கு வளைகிற முனை அனுசரணையாக இருந்தது.

கடைசியில் எடுத்தவை தனித்தனியாக விற்ற பன்னிரண்டு பேனாக்கள். நீலத்தில் நான்கு, பச்சையில் மூன்று, குங்குமச் சிவப்பில் இரண்டு, மண் நிறத்தில் இரண்டு. பன்னிரண்டாவது, நிறமே இல்லாமல் ஓரங்களை இளக்கித் தருகிற பேனா.

வீட்டுக்கு வரும் வழியில் நான் சொன்னவை சில. இந்த மை தாளின் மறுபுறம் ஊடுருவும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட புத்தகமே நல்லது, அடியில் கெட்டி அட்டை ஒன்று வைக்க வேண்டும். சில அச்சுக் கோடுகள் ஆல்கஹால் பட்டால் கரையும். ஓர் ஓரத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும். இரட்டை முனைப் பேனாவைப் படுக்க வைக்க வேண்டும். மதுரை வெயிலில் மூடி சரியாக அடையாவிட்டால் காலையில் காய்ந்திருக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பும் விளக்கும் அருகில் வேண்டாம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நான் எதிர்பார்த்துப் பயந்த கேள்வியை அவர் கேட்டார். "சாயம் நிக்குமா?"

நிற்காது. திரவத்தில் கரைகிற சாயத்துக்கும், கரையாத தூளான நிறமிக்கும் உள்ள வித்தியாசம் இது. இந்தப் பேனாக்களில் இருப்பது பெரும்பாலும் சாயம். வெளிச்சத்தில் வைத்தால் நாளடைவில் வெளுக்கும். நிற்க வேண்டுமானால் புத்தகத்தை மூடியே வைத்திருக்க வேண்டும். கெட்டிச் சாயம் என்று பெயர் வாங்கியவரிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பேனாக்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்றுகூட நினைத்தேன்.

அவர் சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "ஐம்பது வருஷம் நிக்கிற சாயமாத்தான் போட்டேன், தம்பி. எல்லாம் யார் யார் வீட்டுக்கோ போயிருச்சு. இது வெளுத்தாலும் என் கண்ணு முன்னாடிதானே வெளுக்கும்" என்றார்.

தீட்டி முடித்த முதல் பக்கத்தை அவர் மூடி வைக்கவில்லை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறார்: ஒரு மயில், நான்கு நீலத்தில். போகும்போதெல்லாம் பார்க்கிறேன். போன வாரம், "இரண்டாவது நீலம் ஒரு பிடி இறங்கியிருக்கு, பாத்தியா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட, அன்று கடையில் கீறிய தாளைப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். இறங்கித்தான் இருந்தது.